ஸ்பிரிண்ட் ஓடுகிறது, வேலை முடிவதில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்பிரிண்ட் எனப்படும் ஓரிரு வாரச் சுற்றுகளாக வேலையைச் செய்து காட்டும் அஜைல் முறைக்கு மாறிய அணி தடுமாறத் தொடங்கியதும் என்னைக் கூப்பிடுவார்கள். சென்னையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கிளையண்டுகளுக்காக மென்பொருள் எழுதும் அணிகளோடு பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். பழுதுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் பழுது வெளிப்படும் இடம் ஒன்றாகவும் அது இருக்கும் இடம் வேறாகவும் இருக்கிறது. அணி தினமும் கூடும் குறுங்கூட்டமான ஸ்டாண்ட்அப் நீள்கிறது என்று புகார் வரும். தேடிப் போனால் வேலையைப் பிரித்த விதத்தில் கோளாறு இருக்கும். ஸ்பிரிண்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை என்பார்கள். காரணம் ஊழியரை மதிப்பிடும் அப்ரைசல் படிவத்தில் கிடைக்கும். ஆகவே கீழே உள்ளவற்றைக் கூட்டங்களின் பெயரால் பிரிக்காமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளால் பிரித்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாமல் நீக்கக்கூடிய காரணம் முதலிலும், பணமோ மேலிடத்து அதிகாரமோ தேவைப்படும் காரணம் கடைசியிலும் வரும்.

தொடங்கும் முன்

கடைசி நான்கு ஸ்பிரிண்டுகளின் கார்டுகளை (ஒவ்வொரு கார்டும் ஒரு வேலை), அவற்றைப் பதிந்து வைக்கும் ஜிரா மென்பொருளிலிருந்து எக்செல் தாளாக இறக்கிக்கொள்ளவும். ஒவ்வொரு கார்டும் எந்தத் தேதியில் எந்தக் கட்டத்துக்குள் நுழைந்தது என்ற விவரம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற எண்கள் எதற்கும் உதவா. அணியின் விடுப்புப் பட்டியல், 'முடிந்தது' என்று எதைச் சொல்வது என அணி எழுதி வைத்திருக்கும் வரையறை, கிளையண்டோடு செய்த ஒப்பந்தத்தில் வேலையின் அளவையும் விலையையும் சொல்லும் பக்கங்கள் ஆகியவற்றையும் கையில் வைத்துக்கொள்ளவும்.

ஒரு ஸ்பிரிண்டுக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்து நிலைமை சீரானால் எது சீராக்கியது என்று தெரியாது. மோசமானால் எதைத் திரும்பப் பெறுவது என்றும் தெரியாது.

அறிகுறி 1: ஸ்பிரிண்ட் முடிகிறது, கார்டுகள் மிஞ்சுகின்றன

ஒரு தடவை சில கார்டுகள் மிஞ்சுவது பழுதல்ல. தொடர்ந்து மூன்று ஸ்பிரிண்டுகளில், எடுத்த கார்டுகளில் கால் பங்குக்கு மேல் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளப்பட்டிருந்தால் மட்டும் மேலே படிக்கவும். முதல் சோதனை எளியது. இரண்டு வார ஸ்பிரிண்டின் ஐந்தாம் வேலைநாள் காலையில், கார்டுகள் கட்டம் கட்டமாக நகரும் போர்டைத் திறந்து, கார்டுகள் எந்தக் கட்டத்தில் குவிந்திருக்கின்றன என்று எண்ணவும். குவியல் இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கீழே உள்ள பிரிவுகளில் ஒன்றுக்குப் போகலாம்.

1அ. குவியல் 'நடக்கிறது' கட்டத்தில் இருந்தால்

அணி முடிப்பதைவிட அதிகமாகத் தொடங்குகிறது. நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். நீக்குவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. எட்டுப் பேர் இருந்த ஓர் அணியின் போர்டில் எந்த நாளில் பார்த்தாலும் 12 கார்டுகள் திறந்திருந்தன. அந்த அணி வாரத்துக்குச் சராசரியாக 3 கார்டுகளை முடித்துக்கொண்டிருந்தது. திறந்திருக்கும் எண்ணிக்கையை வாரத்தில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கார்டு தொடங்கி முடிவதற்கு ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்துக் காட்டிய இந்தக் கணக்கு, வங்கியில் நிற்கும் வரிசைக்குப் பொருந்துவதைப் போலவே ஜிரா போர்டுக்கும் பொருந்தும். 12ஐ 3ஆல் வகுத்தால் 4 வாரம். ஸ்பிரிண்டோ 2 வாரம். அந்த அணி இரவு பகலாக உட்கார்ந்தாலும் கார்டுகள் மிஞ்சத்தான் செய்யும் என்பதைத் திட்டமிடும் கூட்டத்திலேயே தாளில் போட்டுக் காட்டியிருக்கலாம்.

கட்டத்தின் தலைப்பிலேயே 6 என்ற வரம்பை எழுதவும். ஏழாவது கார்டைத் தொடங்க நினைப்பவர், திறந்திருக்கும் ஆறில் ஏதாவது ஒன்றை முடிக்கக் கை கொடுத்துவிட்டுத்தான் புதியதை எடுக்க வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். மேலாளருக்கு அது பொறுக்காது. அந்த வாரம் முழுவதும் நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவேன், ஏனென்றால் அவர் யாரிடமாவது தணிந்த குரலில் "இதையும் கொஞ்சம் பார்த்துடுங்களேன்" என்று சொல்லும் அந்த நொடியில்தான் வரம்பு உடைகிறது. இரண்டு ஸ்பிரிண்டுகள் கழித்து அதே கணக்கை மீண்டும் போடவும். நாட்கள் குறையாவிட்டால் அடுத்த பிரிவுக்குப் போகவும்.

1ஆ. திறந்த கார்டுகள் குறைவுதான், ஆனால் அவை அசைவதில்லை என்றால்

கார்டுகள் பெரியவை. எக்செல் தாளில் ஒவ்வொரு கார்டும் தொடங்கிய நாளுக்கும் முடிந்த நாளுக்கும் இடைப்பட்ட வேலைநாட்களைக் கணக்கிட்டு, ஐந்துக்கு மேல் ஆனவற்றைத் தனியே எடுத்து வைக்கவும். அவற்றின் தலைப்புகளைப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்: 'மற்றும்' என்ற சொல் அவற்றில் அடிக்கடி வரும்.

உடைக்கும்போது எல்லா அணிகளும் முதலில் செய்யும் தவறு, தரவுத்தளத்துக்கு ஒரு கார்டு, சர்வீஸுக்கு ஒரு கார்டு, திரைக்கு ஒரு கார்டு என்று அடுக்கு அடுக்காக வெட்டுவது. அப்படி வெட்டினால் மூன்றும் முடியும்வரை காட்டுவதற்கு எதுவும் இருக்காது. பயன்படுத்துபவர் நடந்துபோகும் வழியில் வெட்ட வேண்டும். 'வாங்கிய பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தருதல்' என்று 13 புள்ளிக் கார்டு (புள்ளி என்பது வேலையின் அளவுக்கு அணி தரும் மதிப்பீடு) ஒன்று இரண்டு ஸ்பிரிண்டுகளாக நகராமல் கிடந்தது. முழுத் தொகையையும், பணம் கட்டிய அதே கிரெடிட் கார்டுக்கே திருப்பும் வழியை மட்டும் முதல் கார்டாக்கினோம். பகுதித் தொகை இரண்டாவது. பரிசுக் கூப்பனில் வாங்கியவர்களுக்கானது மூன்றாவது. முதல் கார்டு நான்கு நாளில் முடிந்தது. அதை டெமோவில் பார்த்த கிளையண்ட், கூப்பனுக்கான வழி இந்த ஆண்டு தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

1இ. குவியல் சோதனைக் கட்டத்தில் இருந்தால்

ஒவ்வொரு கார்டும் சோதனைக்கு எந்த நாளில் போனது என்று பார்க்கவும். பெரும்பாலானவை எட்டாம், ஒன்பதாம் நாளில் போயிருந்தால், உங்கள் ஸ்பிரிண்ட் இரண்டு வாரத்துக்குள் சுருக்கி மடித்த பழைய வாட்டர்ஃபால்தான், அதாவது ஒரு கட்டம் முழுதும் முடிந்தபின் அடுத்த கட்டம் என்ற முறைதான். டெஸ்டர் முதல் வாரம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, கடைசி இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்துகொண்டிருப்பார்.

முதல் காரணம் பழக்கம்: எல்லோரும் பெரிய கார்டை முதலில் எடுக்கிறார்கள். சிறிய கார்டு ஒன்றாவது மூன்றாம் நாளுக்குள் டெஸ்டர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விதி வைத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது, சோதனை டெஸ்டர் ஒருவரின் வேலை மட்டும் என்ற எண்ணம். குவியல் மூன்று கார்டுகளைத் தாண்டினால், டெவலப்பர் புதிய கார்டை எடுக்காமல் வேறொருவர் எழுதிய கார்டைச் சோதிக்க உட்கார வேண்டும். இதை ஏற்க வைப்பது எளிதல்ல. 'நான் டெஸ்டிங்குக்கா சேர்ந்தேன்' என்ற முணுமுணுப்பு வரும். அதைப் பொருட்படுத்தாமல் மேலே செல்லவும். மூன்றாவது, சோதனைச் சூழல் மற்ற அணிகளோடு பொதுவாக இருந்து, யாராவது ஒரு பில்டை (மென்பொருளின் புதிய தொகுப்பை) ஏற்றியதும் எல்லோருடைய சோதனையும் நின்றுபோவது. இதற்கு சர்வர்களைப் பராமரிக்கும் இன்ஃப்ரா அணியின் உதவி வேண்டும், செலவும் உண்டு.

நான்காவதுதான் செலவு மிகுந்தது. பழைய அம்சங்கள் கெட்டுப்போகவில்லையா என்று பார்க்கும் ரெக்ரஷன் சோதனையை ஆட்களே ஒவ்வொரு முறையும் கையால் செய்வது. பத்து வேலைநாளில் இரண்டு நாளுக்கு மேல் இதற்கே போகிறது என்றால் அணிக்குள் இதைச் சமாளிக்க முயல வேண்டாம். தானியங்கிச் சோதனையில் கை தேர்ந்த ஒருவரை ஒரு காலாண்டுக்காவது அணியில் அமர்த்த வேண்டும். வார இறுதிகளில் டெஸ்டரே கற்றுக்கொண்டு எழுதுவார் என்று விட்ட இடங்களில், ஆறு மாதம் கழித்துப் பாதி எழுதி யாரும் ஓட்டாத ஸ்கிரிப்டுகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

1ஈ. குவியல் 'தடைபட்டது' கட்டத்தில் இருந்தால்

வேறோர் அணி தர வேண்டிய ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு), கிளையண்ட் தர வேண்டிய அனுமதி, வெளி நிறுவனம் தர வேண்டிய அணுகல் கீ போன்றவை வந்து சேரவில்லை. எளிய தீர்வு, அவை கைக்கு வரும்வரை அந்தக் கார்டை ஸ்பிரிண்டுக்குள் எடுக்காதிருப்பது. எடுக்காவிட்டால் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாகில் வேறு எதுவுமே மிஞ்சாது என்ற நிலை இருந்தால், பழுது அணிகளைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. அதை, பல அணிகளுக்கும் பொறுப்பான டெலிவரி ஹெட் அளவில்தான் பேச முடியும்.

1உ. எங்கும் குவியல் இல்லை, எல்லாமே மெதுவாக நகர்கின்றன என்றால்

இல்லாத ஆட்களைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிட்டிருக்கிறீர்கள். பொங்கல் வாரத்தில் எட்டில் மூன்று பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். நவம்பர் நான்காம் வியாழனன்று அமெரிக்கக் கிளையண்டின் அலுவலகத்தில் நன்றி நவிலல் நாள் விடுமுறை, மறுநாளும் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள், கேட்ட கேள்விக்குத் திங்கள்கிழமைதான் பதில் வரும். இரண்டு நாடுகளின் விடுமுறைகளையும் ஒரே தாளில் எழுதித் திட்டமிடும் அறையில் ஒட்டவும்.

இந்த அறிகுறிக்குச் செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. கார்டுகள் முடியட்டும் என்று ஸ்பிரிண்டை இரண்டு நாள் நீட்டக் கூடாது. நீட்டினால் மேலே சொன்ன எந்த அளவும் பொருளற்றதாகிவிடும். பாதி வழியில் புதிய ஆட்களைச் சேர்க்கவும் கூடாது. தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்பது இந்தத் துறைக்கு 1975 முதல் தெரிந்த செய்தி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எந்தத் திட்டத்திலும் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் நான்கு பேரை அனுப்பி வைக்கத்தான் செய்கிறார்.

அறிகுறி 2: பதினைந்து நிமிட ஸ்டாண்ட்அப் நாற்பது நிமிடம் ஓடுகிறது

கடிகாரத்தோடு ஒரு நாள் உட்கார்ந்து, யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளவும். எல்லோரும் ஒரே ஒருவரைப் பார்த்துப் பேசினால், அது ஸ்டாண்ட்அப் இல்லை, ஸ்டேட்டஸ் மீட்டிங்.

எளிய காரணம், ஆள் ஆளாகச் சுற்றி வருவது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்ற மூன்று கேள்விகளைப் பல அணிகள் இன்னும் மந்திரம்போல ஒப்பிக்கின்றன. அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அந்தக் கேள்விகள் நீக்கப்பட்டுவிட்டன என்பது பலருக்குத் தெரியாது. ஆட்களை விட்டுவிட்டுப் போர்டைச் சுற்றவும். வலது ஓரத்தில், முடிவதற்கு மிக அருகில் இருக்கும் கார்டிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக வரவும். ஒவ்வொரு கார்டிலும் 'இது இன்று முடிய என்ன வேண்டும்' என்று மட்டும் கேட்கவும்.

இந்த மாற்றத்தைச் செய்த முதல் நாள் நடந்த ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை ஒரு டெவலப்பர் தினமும் "அதே கார்டுதான், போய்ட்டிருக்கு, பிளாக்கர் எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துக்கொண்டிருந்தார். போர்டைச் சுற்றி வந்தபோது அவருடைய கார்டில் 11 நாள் என்று தெரிந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதும் சற்றுத் தயங்கிவிட்டு, சோதனைத் தரவுத்தளத்துக்கு அனுமதி கேட்டு டிக்கெட் போட்டிருப்பதாகவும் இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். அதே அழைப்பில் இருந்த இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் இருந்தது. நான்கு நிமிடத்தில் கொடுத்துவிட்டார். அந்த டெவலப்பர் பொய் சொல்லவில்லை. டிக்கெட் போட்டாகிவிட்டதால் அதைத் தடையாகவே அவர் நினைக்கவில்லை.

அடுத்த காரணம், மேலாளர் அங்கே இருப்பது. ஒரு வாரம் அவர் வராமல் இருந்து பார்க்கவும். நிமிடங்கள் பாதியாகக் குறைந்தால் காரணம் உறுதி. அதற்கடுத்தது ஆள் எண்ணிக்கை. அதே வழிகாட்டி பத்து பேர் அல்லது அதற்குக் குறைவு என்கிறது. பதினான்கு பேர் இருந்தால் எந்த உத்தியும் பலிக்காது, இரண்டாகப் பிரிப்பதுதான் வழி. கடைசிக் காரணம் கடினமானது: ஒவ்வொருவரும் தனித்தனி மாட்யூலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பதால், மற்றவர் சொல்வதைக் கேட்க யாருக்கும் தேவையே இல்லை. அந்த அணியில் ஸ்டாண்ட்அப் எப்போதும் சலிப்பூட்டுவதாகத்தான் இருக்கும். வேலையைப் பகிரும் முறையை மாற்ற மாதங்கள் ஆகும். அணியின் மூத்த டெவலப்பர் ஒருவர் முன்னின்று செய்தால்தான் நடக்கும், வெளியாளால் செய்து தர முடியாது.

அறிகுறி 3: புள்ளிகள் ஏறுகின்றன, ரிலீஸ் ஏறுவதில்லை

ஆறு மாதத்தில் வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் முடிந்த கார்டுகளின் மொத்தப் புள்ளி) 30இலிருந்து 55ஆக உயர்ந்துவிட்டது என்று ஸ்லைடில் காட்டுவார்கள். அதே ஆறு மாதத்தில் புரொடக்‌ஷனுக்குப் போன, அதாவது பயனர் கைக்குச் சேர்ந்த, கார்டுகளின் எண்ணிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைக்கவும். அது அசையாமல் இருந்தால், ஏறியது வேலையல்ல, விலைவாசி. இன்னொரு சோதனையும் உண்டு: ஆறு மாதத்துக்கு முன் 3 புள்ளி வாங்கிய ஒரு கார்டை, தேதியையும் புள்ளியையும் மறைத்து, இன்றைய கூட்டத்தில் மதிப்பிடச் சொல்லவும். 5 அல்லது 8 என்று வந்தால் சந்தேகம் வேண்டாம்.

காரணங்களில் எளியது, 'முடிந்தது' என்பதன் வரையறை தளர்ந்துபோயிருப்பது. கோட் ரிவ்யூ ஆகாத கார்டும் சோதிக்காத கார்டும் முடிந்த கணக்கில் சேர்கின்றன. பிறகு அவற்றின் பக்குகள் (பிழைகள்) தனிக் கார்டுகளாக வந்து அவற்றுக்கும் புள்ளி கிடைக்கிறது. வரையறையை எழுதி ஒட்டினால் இது நின்றுவிடும், முதல் ஸ்பிரிண்டில் வெலாசிட்டி பாதியாக விழும், அதைப் பற்றி மேலிடத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அடுத்தது, ஒரு புள்ளி என்றால் எட்டு மணி நேரம் என்று யாரோ மாற்று விகிதம் வைத்திருப்பது.

பெரிய காரணம், வெலாசிட்டியைக் கொண்டு அணிகளை ஒப்பிடுவதும் ஊதிய உயர்வை முடிவு செய்வதும். புள்ளி என்பது அணி தனக்குள் வைத்துக்கொண்ட அளவுகோல். ஓர் அணியின் 5ஐ மற்றோர் அணியின் 5ஓடு ஒப்பிட எந்த அடிப்படையும் இல்லை. ஸ்க்ரம் வழிகாட்டியில் இந்தப் புள்ளியைக் குறிக்கும் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே கிடையாது என்று காட்டினால் பல மேலாளர்கள் வியப்படைகிறார்கள். அப்ரைசல் படிவத்தில் வெலாசிட்டிக்கு ஒரு வரி இருந்தால், அதை நீக்கும்வரை மற்ற எல்லாத் திருத்தங்களும் வீண். அது மனிதவளத் துறையின் கையில் இருக்கிறது; அணியில் ஸ்க்ரம் முறை ஒழுங்காக நடக்கப் பொறுப்பான ஸ்க்ரம் மாஸ்டர் தனியாகப் போய்க் கேட்டால் நடக்காது, டெலிவரி ஹெட்டை உடன் அழைத்துச் செல்லவும்.

அறிகுறி 4: டெமோ முடிந்ததும் கிளையண்ட் "நாங்கள் கேட்டது இதுவல்ல" என்கிறார்

திருப்பி அனுப்பப்பட்ட கார்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 'எப்படி இருந்தால் ஏற்போம்' என்ற பகுதியைப் படிக்கவும். அது காலியாக இருந்தால், அல்லது 'திரை சரியாக வேலை செய்ய வேண்டும்' என்பதுபோல எழுதப்பட்டிருந்தால், தேடலை அங்கேயே நிறுத்தலாம். இந்த மாதிரியான உள்ளீடு கொடுத்தால் இந்த மாதிரியான முடிவு வர வேண்டும் என்று இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளாவது இல்லாத கார்டை ஸ்பிரிண்டுக்குள் விடக் கூடாது.

அது ஒழுங்காக இருந்தும் திரும்பி வந்தால், கேள்விகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று அளக்கவும். பல அணிகளில், என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனருக்குப் பதிலாளாகச் சென்னையில் ஒரு பிராக்ஸி புராடக்ட் ஓனர் இருப்பார். உண்மையான புராடக்ட் ஓனர் நியூயார்க்கில் இருப்பார். இங்கு இரவு ஏழரை அங்கு காலை பத்து. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதே பத்து மணி இங்கு எட்டரை ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை அப்படியே இருக்கும். செவ்வாய் காலையில் டெவலப்பருக்கு எழும் ஒரு சந்தேகம் பிராக்ஸியிடம் போய், இரவு அழைப்பில் பேசப்பட்டு, புதன் காலைதான் பதிலாக வருகிறது. அந்தப் பதிலில் இன்னொரு கேள்வி பிறந்தால் வியாழன். பத்து நாள் ஸ்பிரிண்டில் இரண்டு கேள்விக்கு மூன்று நாள் போய்விட்ட பிறகு, டெவலப்பர் கேட்பதையே நிறுத்திவிட்டுத் தானே ஊகிக்கத் தொடங்குகிறார். டெமோவில் திரும்பி வருவது அந்த ஊகம்தான். இதற்கு, இரு பக்கமும் விழித்திருக்கும் ஒரு மணி நேரத்தை நாள்தோறும் கேள்விகளுக்கென்றே ஒதுக்கி, டெவலப்பரே நேரடியாகக் கேட்கும்படி செய்யவும். பிராக்ஸிக்கு வருத்தம் இருக்கும். அவருடைய பொறுப்பைப் பேக்லாகை ஒழுங்குபடுத்துவதில் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அதற்கும் மசியாத பழுது ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேலையின் அளவு, விலை, தேதி மூன்றும் முன்கூட்டியே பூட்டப்பட்ட ஒப்பந்தத்தின் கீழ் அஜைல் செய்வதாகச் சொல்லும்போது, டெமோவில் கிளையண்ட் சொல்லும் ஒவ்வொரு கருத்தும் தனிக் கட்டணம் கேட்கும் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டா இல்லையா என்ற வழக்காகிவிடுகிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் கூடிய 17 பேர் எழுதிய அஜைல் பிரகடனம், ஒப்பந்தப் பேச்சுவார்த்தையைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பதை மேலாக மதிப்பதாகச் சொன்னது. ஒப்பந்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நடைமுறையில் உதவும் ஒரு வாசகம் உண்டு: இன்னும் தொடங்காத ஒரு கார்டை வெளியே எடுத்து, அதே அளவுள்ள புதிய கார்டைக் கட்டணமின்றி உள்ளே வைத்துக்கொள்ளும் உரிமையைக் கிளையண்டுக்குக் கொடுப்பது. இதை எழுதுவது சட்டத் துறையின் வேலை. திட்ட மேலாளர் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பில்லிங் நேரத்தில் மாட்டிக்கொண்ட கதை எனக்குத் தெரியும். அந்த மேலாளர் நான்தான்.

அறிகுறி 5: ஸ்பிரிண்ட் நடுவில் வேலை நுழைந்துகொண்டே இருக்கிறது

ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு சேர்ந்த கார்டுகளை மட்டும் வடிகட்டி, யார் சேர்த்தார் என்று பார்க்கவும்.

எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தால் அவரோடு உட்கார்ந்து பேசினால் போதும்: புதியதைச் சேர்க்கலாம், ஆனால் அதே அளவுள்ள ஒன்றை அவரே வெளியே எடுக்க வேண்டும். புரொடக்‌ஷன் பக்குகளாக வந்தால், ஸ்பிரிண்டுக்கு ஒருவர் வீதம் முறை வைத்துக் காவலுக்கு நிறுத்தவும். அந்த இரண்டு வாரம் அவருக்கு வேறு கார்டு கொடுக்கக் கூடாது. அதன் பிறகும் அணியின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் போகிறது என்றால், ஸ்பிரிண்ட் என்ற கட்டமைப்பே அந்த அணிக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். சப்போர்ட் வேலை மிகுந்த அணிகளுக்கு, கார்டு முடிய முடிய அடுத்ததை எடுக்கும் கான்பான் முறை ஒத்துவரும். ஸ்க்ரமிலிருந்து அதற்கு மாறுவதைத் தோல்வியாக நினைக்கும் மேலாளர்கள் உண்டு; நான் அப்படி நினைப்பதில்லை.

அறிகுறி 6: ரெட்ரோவில் யாரும் பேசுவதில்லை

முந்தைய நான்கு ரெட்ரோக்களில் எழுதப்பட்ட நடவடிக்கைகளை எடுத்து, நிறைவேறியவற்றை எண்ணவும். பூச்சியமோ ஒன்றோ என்றால், அவர்கள் பேசிப் பார்த்துச் சலித்தவர்கள். புதிய விளையாட்டுகளையும் வண்ணச் சீட்டுகளையும் தேடாமல், பழைய பட்டியலில் மிகச் சிறிய ஒன்றை எடுத்து இந்த வாரமே செய்து முடிக்கவும். ஓர் அணியில் அது கூட்ட அறையின் வெப்கேமராவை மாற்றுவதாக இருந்தது. அடுத்த ரெட்ரோவில் மூன்று பேர் பேசினார்கள்.

நடவடிக்கைகள் நிறைவேறியும் பேச்சு இல்லை என்றால் பயம்தான் காரணம். எழுதி அனுப்பச் சொல்லி, பெயரில்லாமல் ஒருமுறை நடத்திப் பார்க்கவும். எழுத்தில் வருவது பேச்சில் வராவிட்டால், அறையில் இருக்கும் யாரோ ஒருவர் அங்கே இருக்கக் கூடாது. பெரும்பாலும் அவர் அப்ரைசல் எழுதுகிறவராக இருப்பார். பெயரில்லாத தாளிலும் ஒருவரைப் பற்றி வசை, மிரட்டல், துன்புறுத்தல் போன்றவை வந்தால், அது ஸ்க்ரம் மாஸ்டர் கையாள வேண்டிய விஷயமே அல்ல. அன்றே மனிதவளத் துறையிடம் கொடுத்துவிட வேண்டும்.

அறிகுறி 7: ஒரு ஸ்பிரிண்ட் டிசைனுக்கு, ஒரு ஸ்பிரிண்ட் கோடிங்குக்கு, ஒரு ஸ்பிரிண்ட் சோதனைக்கு

இதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை. 1ஆவில் சொன்னபடி கார்டுகளை உடைக்கவும்.

அஜைல் கோச்சை எப்போது அழைப்பது

மேலே உள்ளவற்றில் நான்கை, நான்கு ஸ்பிரிண்டுகளில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தும் கார்டு ஒன்றுக்கு ஆகும் நாட்கள் குறையவில்லை என்றால் அழைக்கலாம். பழுது ஒப்பந்தத்திலோ அப்ரைசலிலோ அணிகளின் அமைப்பிலோ இருப்பது உறுதியாகி, அதைப் பற்றி உங்கள் பேச்சு மேலிடத்தில் எடுபடவில்லை என்றாலும் அழைக்கலாம். ஸ்க்ரம் மாஸ்டர் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததையே வெளியாள் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், சில முறை அந்த வெளியாளாகவும் இருந்திருக்கிறேன். இரண்டு நாள் வகுப்பின் சான்றிதழை மட்டும் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்தப் பழுதைப் பார்த்தார், எந்த எண்ணைக் கொண்டு அது நீங்கியது என்று அறிந்தார் என இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

அவர் வரும்போது இறக்கி வைத்த எக்செல் தாளையும், செய்து பார்த்த மாற்றங்களைத் தேதியோடு எழுதிய ஒரு பக்கத்தையும் கையில் கொடுக்கவும். அவர் அவற்றை மேசையில் ஓரமாக வைத்துவிட்டு, அஜைல் என்றால் என்ன என்ற ஸ்லைடைத் திறந்தால், முதல் வாரக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.